காலியாக இருக்க வேண்டிய முதல் அடி

நடுவர்களை நோக்கிப் பேசியே பழகியவன் நான். அவர்களை விளித்துத் தொடங்கினால்தான் என் நாக்கு நகரும். இம்முறை எனக்கு நடுவர் வேண்டாம். தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, அது எனக்கு எதிரானது, சரியானதும்கூட. எனவே, இதை வாசிக்கும் நீங்கள் சாட்சியாக மட்டும் இருங்கள். மூன்று பேருக்கு இந்த உலகில் இருந்த ஒரே ஓர் அறையை ஆறு நாட்களில் நான் எப்படித் தொலைத்தேன் என்று சொல்லப் போகிறேன். சொல்லும்போது எங்கேனும் எனக்குச் சாதகமாகச் சாய்ந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் என்னோடு இளங்கலை படித்த டேவிட், இப்போது ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பணியில் இருக்கிறான். வேலை நேரம் போக டிரம்ஸ் வாசிக்கிறான். ஜமைக்கா நாட்டு ரெகே இசையை வாசிக்கும் அவனுடைய சிறிய குழுவில் கீபோர்டு வாசித்தவரை நிறுவனம் திடீரென ஓசூருக்கு மாற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. “லேய், உனக்குத்தான் சின்ன வயசுலேருந்தே கீபோர்டு தெரியும்லா? ரெண்டே ரெண்டு கார்டுதாம்ல. வந்துட்டுப் போ,” என்றான்.

இரண்டே இரண்டு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் இரண்டு சுரக்கொத்துகள்! பேச்சுப் போட்டிகளில் வென்ற பன்னிரண்டு சுழற்கோப்பைகளை வீட்டு அலமாரியில் நிறுத்திவைத்திருப்பவன் நான். சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். அடுத்த மாதம் கோவையில் இறுதிச் சுற்றுப் பேச்சுப் போட்டி இருந்தது. இடையில் இது ஒரு சிறு உலா என்றே எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரகடத்தில் இறங்கினேன். இதுவும் தமிழ்நாடுதான் என்று வரைபடம் சொல்கிறது; எனக்கோ அது வெளிநாடு. உணவகப் பலகைகளில் கொரிய எழுத்து, தேநீர்க் கடையில் இந்தி, நெல் விளைந்த இடமெல்லாம் சுற்றுச்சுவர். செட் தோசைக்கு வடகறி என்ற ஒன்றைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். வடையை உதிர்த்துக் குழம்பாக்கும் துணிச்சல் எங்கள் பக்கம் யாருக்கும் வந்ததில்லை. முதல் வாயில் சந்தேகப்பட்டேன். மூன்றாவது வாயில் இன்னொரு கிண்ணம் கேட்டேன். அந்தப் பயணத்தில் என் கருத்தை நான் விரைந்து மாற்றிக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

வெளியே வந்தபோது வரிசையாகச் சிலர் ஒரு வெள்ளைப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன். நடத்துநர் வரவில்லை, பயணச்சீட்டு கேட்பாரில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். இந்த ஊரின் விருந்தோம்பலை வியந்துகொண்டிருக்கையில், பேருந்து ஒரு பெரிய இரும்புக் கதவுக்குள் நுழைந்து நின்றது. எல்லோரும் கழுத்து அட்டையைக் காட்டி இறங்கினார்கள். என் கழுத்தில் ஒன்றுமில்லை.

“ஐடி எங்க?” என்றார் காவலர்.

“ஐயா, நான் தவறுதலாக ஏறிய ஒரு விருந்தினன்.”

“கான்ட்ராக்டா? இன்டர்வியூவா?”

“இரண்டும் இல்லை. நான் ஒரு பேச்சாளர்.”

அவர் முகம் சட்டென்று மாறியது. “யூனியனா?” என்று கேட்டபடியே கம்பியில்லாக் கருவியை எடுத்தார். டேவிட் தன் ஷிப்டு முடிந்து வந்து என்னை மீட்கும்வரை, நெகிழி நாற்காலி ஒன்றில், இரு காவலர்களின் பார்வையில், ஒரு புரட்சியாளனைப் போல் அமர்ந்திருந்தேன். உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

டேவிட்டின் அறையில் ஆறு பேர். பாய்கள் மூன்று. ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுப்பார். பாய் சூடு ஆறுவதே இல்லை. வாசலில் நின்று நான் முழுக் குரலில் “வணக்கம்” என்றதும், உள்ளிருந்து ஒருவர் தலையணையை எறிந்தார். டேவிட் என்னை வெளியே இழுத்துவந்தான்.

“இங்க எப்பவும் யாராச்சும் தூங்கிக்கிட்டே இருப்பாங்க. பகல் பன்னெண்டு மணி உனக்குத்தான் பகலு, இவங்களுக்கு நடுராத்திரி. இந்தத் தெரு பூரா இப்படித்தான். டிரம்ஸு வாசிக்க ஒரு நேரமும் கிடையாது, ஒரு இடமும் கிடையாது. அந்த ஹாலு ஒண்ணுதாம்ல இருக்கு.”

அந்த ஹால், வல்லம் வடகால் பக்கம், வீடுகளை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு தகரக் கூரை மன்றம். குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமானது. ஓராண்டாக இவர்கள் அங்கே பழகிவந்தார்கள். இப்போது ஓர் உணவு ஒப்பந்தக்காரர் அதைச் சமையற்கூடமாக்கக் கேட்கிறார். சங்கச் செயலாளர் எத்திராஜ் நியாயமாகவே ஒரு வழி சொன்னாராம்: ஞாயிற்றுக்கிழமை சங்க ஆண்டு விழாவில் வாசியுங்கள், சனங்களுக்குப் பிடித்திருந்தால் இடம் உங்களுக்கு, இல்லையென்றால் சமையலுக்கு. எல்லாம் அந்த ஒரு மாலையில் தொங்கியது. தொங்கிய கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்திருந்தார்கள்.

புதன் மாலை நான்கு மணிக்கு முதல் ஒத்திகை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் செல்வி, வாலாஜாபாத்காரர், மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கிட்டாரோடு பாடுபவர் முருகன், பென்னலூர்க்காரர், சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். இருவரும் என் வயதினர்தாம். “தங்களோடு இணைவதில் பெருமகிழ்வு கொள்கிறேன்,” என்றேன். முருகன் பின்னால் திரும்பிப் பார்த்து, “யார்கிட்ட பேசுறாரு?” என்று செல்வியிடம் கேட்டார். அந்தக் கணத்திலிருந்து என் பெயர் ‘மைக்கு’.

வாசித்தேன். நான்கு சுற்று முடிவதற்குள் செல்வி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இன்னா இது? கதவ தட்டுற மாதிரி. ஒண்ணுல ஏன் குத்துற?”

“ஒன்றில்தானே தொடங்க வேண்டும்?”

“நாலு அடி ஒரு சுத்துன்னா, ஒண்ணு காலி. அதுல யாரும் கிடையாது. மனசுல எண்ணிக்கோ, கைய வெக்காத. ரெண்டு, நாலு, இதான் உன் எடம். டேவிட்டு மூணுல வெப்பான்.”

“முதல் அடியில் யாருமே இல்லையென்றால், பாட்டு எங்கே தொடங்குகிறது?”

“அது ஏற்கெனவே ஓடிக்கினு தான் கீது. நீ வந்து சேந்துக்கோ.”

என் வாழ்வில் எந்த மேடையிலும் நான் ‘வந்து சேர்ந்துகொண்டவன்’ அல்லன். நான் எழுந்தால் தொடங்கும். நான் அமர்ந்தால் முடியும். இரண்டிலும் நான்கிலும் கார்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும், சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல. அவ்வளவுதான் வேலை. அந்த மாலை முழுவதும் என் விரல்கள் முதல் அடியில் போய்ப் போய் விழுந்தன. வெற்றிடம் ஒன்றைக் கண்டால் அதை நிரப்பாமல் இருக்க எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை.

வியாழக்கிழமை அடி ஒருவாறு பிடிபட்டது, வேகம் பிடிபடவில்லை. டேவிட் தன் கைபேசியில் பதிவுசெய்து போட்டுக் காட்டினான். “நாலு நிமிசப் பாட்டு. மூணே காலுல முடிச்சிட்டோம்.”

“மீதி முக்கா நிமிஷம் எங்க மைக்கு? பாக்கெட்டுல போட்டுக்கினியா?” என்றார் முருகன்.

காரணம் எனக்குத் தெரியும். பேச்சுப் போட்டியில் கடைசி நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கை மணி உண்டு. மணி அடித்ததும் குதிரையைத் தட்டிவிட வேண்டும்; சொற்கள் பாய வேண்டும்; உச்சத்தில் முடிக்க வேண்டும். அடிக்காத மணி ஒன்று அந்தத் தகரக் கூரையின் கீழும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. செல்வி ஒரு வைத்தியம் சொன்னார். கைபேசியில் தாளம் எண்ணும் சொடுக்கொலியை மிகவும் மெதுவாக வைத்து, ஒரே கார்டை இருபது நிமிடம் வாசிக்க வேண்டும். “தோள ஆட்டு. முட்டிய லேசா மடக்கு. கொடிக்கம்பம் மாதிரி நின்னா பாட்டு எங்கேந்து வரும்?” நிமிர்ந்து நிற்பதற்காகவே பரிசு வாங்கியவன் நான். ஆட முயன்றேன். முருகன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இருபது நிமிடம் ஒரே கார்டு. ஆறாவது நிமிடத்தில் சலிப்பு. பத்தாவதில் கோபம். பதினைந்தாவதில், ஒரு சொடுக்கோடுகூட இசைய முடியாத மனிதனுக்கு ஊரோடு என்ன உறவு இருக்க முடியும் என்ற எண்ணம் வந்தது. கைதட்டலே இல்லாமல் ஒரே செயலை இருபது நிமிடம் நான் செய்தது அதுவே முதல்முறை என்றும் தோன்றியது. இருபதாவது நிமிடத்தில் நான் சொடுக்கைவிட முன்னால் போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தேநீர்க் கடையில் நின்றபோது காலடி நிலம் அதிர்ந்தது. சாலைக்கு அப்பால் தகடு அழுத்தும் பொறி ஒன்று சீராக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குவளையில் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. எனக்குள் ஒரு சொற்பொழிவு பிறந்துவிட்டது. மாலை ஒத்திகையில் அதை நிகழ்த்தினேன். “இயந்திரத்தின் தாளமே உங்கள் இசையின் தாய்! நாள்தோறும் அதனோடு நிற்பதால்தான் உங்களுக்கு இந்தச் சீர்மை வாய்த்திருக்கிறது!”

செல்வி கிட்டாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “எட்டு மணி நேரம் லைன்ல மெஷின் எனக்கு எண்ணிக் குடுக்குது. ஒரு பீஸ் லேட்டானா செவப்பு லைட்டு எரியும், சூப்பர்வைசர் வந்து பக்கத்துல நிப்பான். இங்க வந்தும் அதே எண்ணிக்கைன்னா நான் இன்னாத்துக்கு வரேன்? வூட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேனே.”

“ஆயினும் சீர்மை என்ற அளவில்…”

“மெஷின் நான் இல்லன்னாலும் ஓடும். நீ ஒழுங்கா வாசிக்கலன்னா என்னால வாசிக்க முடியாது. புரியுதா?”

என்னிடம் மூன்று மறுப்புகள் இருந்தன. மூன்றையும் சொன்னேன், சான்றுகளோடு. முருகன் குறுக்கிட்டார், அவரையும் மடக்கினேன். இறுதியில் செல்வி, “சரிப்பா, நீ சொல்றதுதான் ரைட்டு,” என்றார். வாதத்தில் வென்றேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஒத்திகைக்கு இருந்த நேரம் முழுவதும் அதில் கழிந்திருந்தது. டேவிட் டிரம்ஸ் குச்சிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் நடந்தான். அவன் கல்லூரியில் என் ஒவ்வொரு போட்டிக்கும் முன்வரிசையில் உட்கார்ந்தவன்.

சனிக்கிழமை செல்வி தம் அம்மா செய்த காஞ்சிபுரம் இட்லி கொண்டுவந்தார். மிளகும் சுக்கும் நெய்யும் ஊறிய, கை கனக்கும் இட்லி. எங்கள் ஊர் இட்லியை எத்தனை தின்றாலும் எழுந்து நடக்கலாம். இது இரண்டே துண்டில் ஆளை உட்காரவைத்துவிடும். நான் நான்கு தின்றேன். பிற்பகல் வெயிலில் தகரக் கூரை காய்ந்தது. சிந்திக்கவே திராணியின்றிக் கீபோர்டின் முன் நின்றேன்.

அன்று அது நிகழ்ந்தது. வலக்கை இரண்டிலும் நான்கிலும் தானாகப் போய்த் தொட்டு எழுந்தது. இடக்கைக்கு வேறொரு வேலை கொடுத்திருந்தார்கள். அடிகளின் இடுக்குகளில், உலையில் சோறு கொதிப்பதுபோல, தாழ்ந்த ஒலியில் முணுமுணுக்க வேண்டும். அதுவும் தானே கொதித்தது. முதல் அடி வந்தது, காலியாகவே போனது, மறுபடி வந்தது. அந்தக் காலியிடத்தில் நான்கு பேரும் ஒன்றாக மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முருகன் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அவர் அசைத்ததை நான் கவனித்தேன். ‘ஆகா, நான் வாசிக்கிறேன்’ என்று நினைத்தேன். நினைத்த மறுநொடி விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

“லேய்! நல்லாத்தானல இருந்துச்சு!” என்று டேவிட் கத்தினான். ஆனாலும் அவன் முகத்தில் நான்கு நாட்களாக இல்லாத வெளிச்சம் இருந்தது. செல்விகூட, “நாளைக்கும் நாலு இட்லி குடுத்துட்டா போச்சு,” என்றார்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. மன்றம் நிறைய நெகிழி நாற்காலிகள், வாசலில் போண்டா, முன்வரிசையில் சங்கத்தார். எத்திராஜ் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். முதல் பாட்டு தவறின்றி முடிந்தது. இரண்டாவது முருகனே எழுதியது. காலை வண்டிக்குக் காத்திருப்பதைப் பற்றியது. ‘பஸ்ஸு வரல, பஸ்ஸு வரல, வரட்டும் மெதுவா’ என்று அவர் இழுத்ததும், அந்த வண்டிக்கு நின்று கால் கடுத்தவர்களே நிறைந்த அந்தக் கூட்டம் அப்படியே வெடித்தது. விசில். சிரிப்பு. தகரக் கூரை அதிரக் கைதட்டல்.

என் கைகள் இரண்டும் கீபோர்டிலிருந்து எழுந்தன.

சாட்சிகளே, இதை விளக்கியாக வேண்டும். எங்கள் பயிற்சியில் முதல் விதி இது: கைதட்டல் எழுந்தால் நிறுத்து. அதன்மேல் பேசாதே. அது அடங்கும்வரை, இலேசான புன்னகையோடு, கைகளைக் கோத்து நில். பதின்மூன்று வயதிலிருந்து அந்த விதி என் எலும்பில் ஏறியிருக்கிறது. நான் முடிவெடுத்து நிறுத்தவில்லை. கைதட்டல் கேட்டது, நின்றுவிட்டேன். புன்னகை செய்தேன். கைகளைக் கோத்துக்கொண்டேன்.

என் கார்டு இல்லாமல் முருகனுக்கு இடம் தவறியது. டேவிட் என்னைப் பார்த்தான். அவன் குச்சி மூன்றாம் அடியைத் தவறவிட்டது. செல்வி மட்டும் தனியாகச் சிறிது தூரம் இழுத்துச் சென்றார், பின்னிருக்கையில் ஆளை ஏற்றிய மிதிவண்டியை மேட்டில் மிதிப்பவரைப் போல. பிறகு அவரும் நிறுத்தினார். கைதட்டல் ஓய்ந்தது. அமைதியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “கரண்டு போச்சாப்பா?” “லைட்டு எரியுதே!” என்றது மற்றொன்று.

எத்திராஜ் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார். “சரி, ஒரு பாட்டு நின்னுபோச்சு. அதுக்கு இன்னா இப்ப…” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

அந்த இடைவெளியில் நான் புகுந்தேன். மற்றோர் ஒலிவாங்கி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. “உழைப்பாளியின் ஓய்வுக்கே உலைவைத்து, அந்த உலையில் சோறு வடிக்கத் துணிந்துவிட்டதா இந்தச் சங்கம்? கலையைக் கரண்டிக்கு விற்கும் இந்த வணிகத்துக்கு நீங்கள் சாட்சியாவீர்களா?” மூன்று நிமிடம் பேசினேன். ஏற்ற இறக்கம் பிசகவில்லை. என் வாழ்வின் சிறந்த மூன்று நிமிடங்களில் அதுவும் ஒன்றாக இருக்கக்கூடும்.

யாரும் கைதட்டவில்லை.

எத்திராஜ் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை. “இன்னும் ஒரு மாசம் பழகுங்க, மறுபடி பாக்கலாம்னு சொல்ல வந்தேன் தம்பி. முடிக்க வுடலியே நீ. வெளியூர்லேந்து வந்த ஒருத்தர் எங்களப் பத்தி இப்பிடி நெனைக்கிறாருன்னா, வோணாம்பா. நாளைக்குச் சாவியக் குடுத்துடுங்க.”

டேவிட் ஏதோ சொல்லப் போனான். முன்வரிசையில் அனைவரும் எழுந்துவிட்டார்கள். நிற்கக் கூடாத இடத்தில் நின்றேன். நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மன்றத்தைக் காலிசெய்தோம். டிரம்ஸைச் சிறு சுமைவண்டியில் ஏற்றி, பென்னலூரில் முருகன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைப்பது என்று முடிவாயிற்று. அங்கே அதை வாசிக்க முடியாது, போர்வை போட்டு மூடிவைக்கலாம். செல்வி தம் கிட்டாரை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொன்னால் கொஞ்சம் உயிர் வந்திருக்கும்.

“நைட் ஷிப்ட்டு பஸ்ஸுங்க வர நேரம், ரோடு அடைச்சிக்கும். நான் கெளம்புறேன்,” என்றார் செல்வி.

“ஒன்னோட ரயிலு நாளைக்குத்தான?” என்றான் டேவிட், சாலையைப் பார்த்தபடி. “கோயம்புத்தூர்ல ஃபைனல் இருக்குன்ன. போய்ப் படிலே.”

“ஏதோ நடந்துபோச்சு, வுடு மைக்கு,” என்றார் முருகன். அதில் கேலி இல்லை, அதுதான் தாங்கவில்லை.

அவர்கள் மூவரும் பேசி முடித்துவிட்டார்களா என்று பார்த்தேன். சுமைவண்டி ஓட்டுநர் கயிற்றை இழுத்துக் கட்டும்வரை பொறுத்திருந்தேன். ஒரு கனரக வண்டி கடந்து போயிற்று. அதன் ஓசை அடங்கும்வரையும் பொறுத்தேன். பிறகு, அந்தச் சாலையோரத்தில், உரக்கவே சொன்னேன்:

“நாளைக்கு நான் போகலை. இங்கன ஒவ்வொரு தெருவா ஏறி எறங்கி ஒங்களுக்கு ஒரு எடம் கேக்கப் போறேன். மொதல்ல எத்திராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்கேன். எடம் கெடைக்கிற வரைக்கும் எந்த மேடையும் ஏற மாட்டேன், கோயம்புத்தூரும் கெடையாது. போற வீட்டுல, அவங்க சொல்லி முடிக்கதுக்கு முன்னால வாயத் தொறக்கவும் மாட்டேன்.”